வீட்டுத் தோட்டம்: சிலிப்பர் கட்டையும் கீரைப் பாத்தியும்



பெருமழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் உங்கள் வீட்டோரக் கானை எட்டிப் பார்த்ததுண்டா? ஒருமுறை பாருங்கள். தண்ணீர் வடிந்த பிறகு அடியில் செந்நிறமாக, கூழ்போல ஒன்று படிந்து கிடக்கும். அது எங்கிருந்தோ வந்த மண் அல்ல. நீங்கள் எருப் போட்டு, கொத்திக் கிளறி, ஆறு மாதமாகப் பக்குவப்படுத்திய உங்கள் பாத்தி மண்தான் அது. மலாக்கா வட்டாரத்தில் ஆண்டுக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர் மழை. அதுவும் பொழுது சாயும் நேரத்தில் ஒரே கொட்டாகக் கொட்டும் மழை. சரிவான நிலத்தில் அணை ஒன்று இல்லாவிட்டால் மேல்மண் தங்காது.

இந்த மாதம் இதைப் பற்றி எழுத வைத்தது சுங்கை ஊடாங்கிலுள்ள ஒரு குடும்பம். கணவனும் மனைவியும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்தில் உழைத்தவர்கள். முதலில் பால்மரம், பிறகு செம்பனை. ஓய்வு பெற்றதும் கையிலிருந்த சேமிப்பைப் போட்டு ஒரு தாமானில் ஓரத்து வீடு வாங்கினார்கள். ஓரத்து வீடு என்பதால் பக்கவாட்டில் ஒரு துண்டு நிலம் கிடைத்தது. நல்ல செம்மண்தான். ஆனால் வீட்டிலிருந்து வேலியை நோக்கிச் சரிந்த நிலம். அந்த அம்மா இரண்டு முறை கீரை விதைத்தார். இரண்டு முறையும் முளைத்து நாலு இலை விடுமுன் மழை வந்து விதையையும் மண்ணையும் சேர்த்தே கானுக்குக் கொண்டுபோய்விட்டது.

"லயத்து வீட்டுக் கொல்லையில போட்டதெல்லாம் முளைச்சுதுங்க ஐயா. அது அடுத்தவன் மண்ணு. சொந்தமா ஒரு பிடி மண்ணு வாங்கினோம், அது நிக்க மாட்டேங்குது" என்றார் அவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

கணவர் சும்மா இருப்பவர் அல்லர். யாரோ பணக்கார வீட்டில் ரயில் சிலிப்பர் கட்டைகளை அடுக்கித் தோட்டத்துக்குக் கரை கட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறார். அழகாகவும் இருந்தது, அசையாமலும் இருந்தது. பழைய சாமான் விற்கும் ஓரிடத்தில் விசாரித்து, ஆறு கட்டைகளை விலை பேசி, லோரியில் ஏற்றி வாசலில் இறக்கிவிட்டார். அதற்குப் பிறகுதான் எனக்குச் சொல்லியனுப்பினார். நம் ஆட்கள் எல்லாரும் இப்படித்தான். வாங்கிய பிறகே யோசனை கேட்பார்கள்!

நான் போனபோது உச்சி வெயில். கட்டைகளை நெருங்குவதற்கு முன்பே ஒரு வாசனை வந்தது. புதிதாகத் தார் போட்ட சடக்கில் வருமே, அந்த வாசனை. அந்த வீட்டுப் பாட்டி, வயது தொண்ணூறைத் தாண்டியவர், நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்தக் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுதானே சிலிப்பர் கட்டை?" என்று கேட்டார்.

"ஆமாம் பாட்டி."

"எங்கப்பா இதத் தூக்கத்தான் சயாமுக்குப் போனாரு. திரும்பி வரல" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

வாசகர்களே, சிலிப்பர் கட்டை வேறு யாருக்காவது வெறும் மரமாக இருக்கலாம். நமக்கு அப்படி இல்லை. இந்த நாட்டின் முதல் ரயில் பாதை 1885 ஜூன் முதல் நாள் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை ஓடத் தொடங்கியது. எட்டு மைல் தூரம். அதைப் போட்டவர்கள் இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட பயனியர் படைத் தொழிலாளர்கள். அதற்குப் பிறகு போட்ட பாதைகளிலும் கட்டை சுமந்தவர்கள், ஜல்லி கொட்டியவர்கள், ஆணி அடித்தவர்களில் பெரும்பாலோர் நம்மவர்களே.

மலாக்காவுக்கும் ஒரு ரயில் பாதை இருந்தது என்று இன்றுள்ள பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். தான் சாய் யான் என்பவர் 1896-ல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். அடுத்து ஆசஹானில் பெரிய அளவில் நட்டார். ரப்பர் பரவத் தொடங்கிய அந்தக் காலத்தில், 1905-ல், தம்பினிலிருந்து மலாக்கா நகரம் வரை இருபது மைல் சொச்சத்துக்கு ஒரு கிளைப் பாதை திறக்கப்பட்டது. ஜப்பான்காரன் காலத்தில் அந்தப் பாதையையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள், சயாம் – பர்மா ரயில் பாதை போடுவதற்காக. கிழக்குக் கரைப் பாதையிலும் பெரும் பகுதியை அப்படியே எடுத்தார்கள். போருக்குப் பிறகு கிழக்குக் கரைப் பாதையைத் திரும்பப் போட்டார்கள். மலாக்கா பாதையைப் போடவில்லை. அதனால்தான் இன்றும் நாம் ரயிலேற வேண்டுமானால் புலாவ் செபாங் வரை போகவேண்டியிருக்கிறது.

தண்டவாளம் போன அதே திசையில்தான் ஆட்களும் போனார்கள். 1942-ன் நடுவில் தொடங்கி 1943 அக்டோபர் 17-ல் இரு முனைகளும் இணைந்த அந்த 415 கிலோமீட்டர் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்கள் பல்லாயிரவர். காய்ச்சலிலும் காலராவிலும் பட்டினியிலும் மடிந்தவர்களும் பல்லாயிரவர். ஒரு கட்டைக்கு ஓர் உயிர் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பாட்டி அந்தக் கட்டைகளை ஏன் அப்படிப் பார்த்தார் என்பது உங்களுக்கு விளங்கும். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. வேலையைப் பார்ப்போம்.

அந்த வாசனைக்கு வருகிறேன். சிலிப்பர் கட்டைகள் எல்லாம் ஒரே மரம் அல்ல. நம் நாட்டில் செங்கால் போன்ற கெட்டி மரங்களில் அறுத்த கட்டைகள் உண்டு. செங்காலுக்கு மருந்தே வேண்டாம். அதன் வைரத்தைக் கரையான் எளிதில் தொடாது, மழையிலும் வெயிலிலும் பல்லாண்டு கிடக்கும். கெம்பாஸ், குரூயிங் போன்ற மரங்களுக்குப் பலம் உண்டு, ஆனால் மண்ணில் கிடந்தால் கரையானும் பூஞ்சணமும் விட்டு வைக்காது. ஆகவே அவற்றுக்குக் கிரியோசோட் என்னும் தார் எண்ணெயை, பெரிய இரும்பு உருளைக்குள் வைத்து, அழுத்தம் கொடுத்து ஏற்றினார்கள். அந்த எண்ணெய் மேலே பூசிய சாயம் அல்ல. மரத்தின் உள்ளேயே ஊறிப் போயிருக்கிறது. இருபது முப்பது ஆண்டு கழித்தும் வெயில் ஏற ஏறக் கருப்புத் துளிகளாகக் கசிந்து வரும்.

நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கும் இந்த எண்ணெய் பொல்லாதது. தோலில் பட்டால் எரியும். பட்ட இடத்தில் வெயிலும் பட்டால் கொப்புளமே போடும். புற்றுநோயை உண்டாக்கக்கூடியதாகக் கருதப்படும் பொருள்களின் வரிசையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் இதை வைத்திருக்கிறது. ஐரோப்பிய நாடுகளில் 2003-லிருந்து இந்த எண்ணெய் ஏற்றிய மரத்தை விளையாட்டுத் திடலிலும், கைகால் அடிக்கடி படக்கூடிய பூங்கா, தோட்டங்களிலும், செடி வளர்க்கும் தொட்டிகளிலும் பயன்படுத்தக்கூடாது என்று சட்டமே போட்டுவிட்டார்கள். ரயில்வேக்காரன் இதைத் தண்டவாளத்துக்காகச் செய்தான், நம் வீட்டுக் கீரைக்காகச் செய்யவில்லை.

உங்கள் வாசலில் இறங்கிய கட்டை எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது? மூக்கு முதல் சாட்சி. மதிய வெயிலில் கட்டையருகே குனியுங்கள். தார் நெடி அடித்தால் சந்தேகமே வேண்டாம். அடுத்து ஒரு வெள்ளைத் துணி. வெயிலேறிய கட்டையின் மேல் அழுத்தித் தேயுங்கள். பிசுபிசுப்பாகக் கருப்பு ஒட்டுகிறதா என்று பாருங்கள். மூன்றாவது, பராங் கத்தியால் ஒரு மூலையைச் சீவுங்கள். மருந்தேறாத செங்கால் மேலே சாம்பல் நிறமாக வெளுத்திருக்கும், சீவினால் உள்ளே மஞ்சள் கலந்த பழுப்பு நிறம் தெரியும். மருந்தேறிய கட்டையோ சீவிய இடத்திலும் கருத்து, எண்ணெய்ப் பளபளப்போடு இருக்கும். சீவிய தூளைக் கையால் அள்ளாதீர்கள்.

இந்தச் சோதனையில் அந்த ஆறு கட்டைகளில் நாலு தோற்றுவிட்டன. இரண்டுதான் செங்கால்.

அந்த அண்ணன் முகம் வாடிவிட்டது. "உள்பக்கம் பிளாஸ்டிக் விரிச்சிட்டா போதாதுங்களா ஐயா?" என்று கேட்டார். இந்தக் கேள்வியைப் பலரும் கேட்கிறார்கள். போதாது. வேர் துளைக்கும், மண்வெட்டி முனை கிழிக்கும், இரண்டு வருஷத்தில் பிளாஸ்டிக் நொறுங்கும். அதோடு, பேரப்பிள்ளைகள் ஓடி வந்து உட்காரப்போவது பாத்தியின் உள்பக்கத்தில் அல்ல, கட்டையின் மேலேதான். எண்ணெய் கசியும் கட்டையை வீட்டு வேலிக்குள் வைக்காதீர்கள் என்பதே என் தீர்ப்பு. பூச்செடிக்கானாலும் வேண்டாம். கிணறு உள்ள வீடுகளில் அந்தப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

நாலு கட்டைகளையும் விற்றவரிடமே திருப்பிக் கொண்டுபோனார். கொடுத்த பணத்தில் பாதிதான் திரும்பக் கிடைத்தது; லோரிக்கூலி வேறு. வீட்டில் இதைப் பற்றி ஒரு பேச்சு வந்து ஓய்ந்தது என்று கேள்விப்பட்டேன். நானாக இருந்தாலும் அந்தப் பாதியை விட்டுக்கொடுத்திருப்பேன்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழைய சிலிப்பர் கட்டையை அடுப்பில் வைக்கவே கூடாது. வெந்நீர் போடவும் கூடாது, பொங்கலுக்கும் கூடாது, கோயில் சமையலுக்கும் கூடாது. நன்றாக எரியும், உண்மைதான். அந்தப் புகையும் நஞ்சு, சாம்பலும் நஞ்சு. அந்தச் சாம்பலைக் கொண்டுபோய்ச் செடிக்குப் போடுவது அடுத்த தவறு. ரயில் பாதை ஓரத்தில் கிடக்கும் கட்டையை, யாரும் கேட்பாரில்லை என்று தூக்கி வருவதும் வேண்டாம். அது ரயில்வேயின் சொத்து, தூக்கினால் திருட்டு. சிரம்பான் – கிம்மாஸ் இரட்டைப் பாதை 2013-ல் முடிந்தது போன்ற வேலைகளின்போது கான்கிரீட் கட்டைகள் மரக்கட்டைகளின் இடத்துக்கு வந்துவிட்டன. கழித்துப் போட்ட மரக்கட்டைகள் முறையாகவே விற்பனைக்கு வருகின்றன. வாங்கினால் ரசீது கேட்டு வாங்குங்கள்.

மரக்கடையில் 'தோட்டச் சிலிப்பர்' என்று புதிதாக அறுத்து விற்பதும் உண்டு. அதில் லேசான பச்சை நிறம் தெரிந்தால் செம்பும் ஆர்சனிக்கும் கலந்த மருந்து ஏற்றியிருக்கக்கூடும். அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டு உபயோக மரத்துக்கு அந்த மருந்தை நிறுத்திவிட்டார்கள். கீரைப் பாத்திக்கு அதுவும் ஆகாது. "மருந்து ஏற்றாத செங்கால்தானா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை.

சரி, கையில் இரண்டே கட்டை. அந்த அண்ணன், "இதை வச்சு என்ன பண்றதுங்க?" என்றார். நிலத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். அவருக்கு முதலிலிருந்தே இரண்டு கட்டைதான் தேவை!

சரிவான நிலத்தில் நாலு பக்கமும் கரை எதற்கு? மண் ஓடுவது கீழ்ப்பக்கம் மட்டும்தான். தோட்டத்தில் மலைச்சரிவில் மரம் நட்டபோது நாம் என்ன செய்தோம்? சரிவுக்குக் குறுக்கே படி வெட்டினோம். மண்ணை மேல்பக்கம் வெட்டிக் கீழ்ப்பக்கம் போட்டு மட்டமாக்கினோம். மண் தேங்குவதற்குக் குழி வெட்டினோம். கான் வெட்டிப் பழகிய கைகளுக்கு இதைப் பத்திரிகை பார்த்துப் படிக்க வேண்டியதில்லை. அதே படிதான் இது, அளவு மட்டும் சிறியது. கீழ்ப்பக்கம் இரண்டு கட்டைகளை நுனியோடு நுனி சேர்த்துப் படுக்கவைத்தால் 4 மீட்டர் நீளமுள்ள பாத்தி. மேல்பக்கத்துக்கு நிலமே கரை.

பாத்தியின் அகலம் 3 அடிக்கு மேல் வேண்டாம். உள்ளே காலை வைத்து மிதிக்காமல், வெளியிலிருந்தே கை நீட்டிக் களை எடுக்கும் அகலமே போதும். மிதித்தால் மண் இறுகிவிடும். இடுப்பு வலி உள்ளவர்களுக்கும் இதுதான் வசதி.

முதலில் இடம் குறியுங்கள். வீட்டுச் சுவரிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி இருக்கட்டும். சுவரோடு ஒட்டிக் கட்டையும் மண்ணும் கிடந்தால் கரையானுக்கு நாமே பாலம் போட்டுக் கொடுத்ததாகும். நிலத்தடியில் தண்ணீர்க் குழாயோ மின்கம்பியோ போகிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள், பின்னால் இரும்புக் கம்பி அடிக்கப் போகிறோம். இரண்டு முளை அடித்துச் சரிவுக்குக் குறுக்கே கயிறு கட்டுங்கள். கயிறு மட்டமாக இருக்கவேண்டும். ரசமட்டம் இல்லாதவர்கள் கண்ணாடிபோல் தெரியும் ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி இரு முனையிலும் தூக்கிப் பிடியுங்கள். தண்ணீர் நிற்கும் உயரம் இரண்டு பக்கமும் ஒன்றே. கொத்தனார்கள் எல்லாம் இப்படித்தான் மட்டம் பார்க்கிறார்கள். இந்த ஒரு காரியத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். கரை ஒரு முனையில் தாழ்ந்திருந்தால் மழைத் தண்ணீர் முழுவதும் அந்த முனைக்கே ஓடி, அங்கேயே அரித்து, ஆறு மாதத்தில் கட்டைக்கு அடியில் எலி வளைபோல் ஒரு வழி செய்துவிடும்.

கயிற்றை ஒட்டி, கட்டையைவிட ஒரு கை அகலம் கூடுதலாக, அரைச் சாண் ஆழத்துக்குச் சிறு வாய்க்கால் வெட்டுங்கள். அடிமண்ணைக் காலால் மிதித்து இறுக்கி, அதன்மேல் இரண்டு மூன்று அங்குலத்துக்குச் சல்லிக்கல் அல்லது உடைத்த செங்கல் பரப்புங்கள். கட்டை நேரடியாக ஈரமண்ணில் படுத்தால் எந்த மரமும் சீக்கிரம் கெடும். கல்லின்மேல் படுத்தால் அடியில் தண்ணீர் நிற்காது. கட்டையின் கனத்தில் பாதி மண்ணுக்குள் அமர்ந்திருந்தால் போதும்.

இப்போது கட்டையைத் தூக்க வேண்டும். நம் நாட்டு ரயில் கட்டை ஏறக்குறைய 2 மீட்டர் நீளம், 24 சென்டிமீட்டர் அகலம், 12 சென்டிமீட்டர் கனம் என்று வைத்துக்கொண்டால் செங்காலில் அது 55 கிலோ அளவுக்கு நிறுக்கும். ஒருவர் தனியாகத் தூக்கி முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் கீரை விளைந்து என்ன பயன்? கயிறு கட்டி, காவுக் கம்பு கொடுத்து, இரண்டு பேர் தூக்குங்கள். தரையில் கிடந்த கட்டையை முதலில் கடப்பாறையால் நெம்பிப் புரட்டுங்கள், அடியில் கை விடாதீர்கள். பூரானும் தேளும், ஏன் பாம்புகூட அங்கே குடியிருக்கும். காலுக்கு பூட்சு, கைக்கு உறை. குட்டைக் காற்சட்டையும் செருப்புமாக இந்த வேலைக்கு வராதீர்கள்.

கட்டையை அறுக்க வேண்டாம் என்பது என் யோசனை. முழு நீளத்துக்கே பாத்தியைத் திட்டமிடுங்கள். செங்கால் இரும்புபோல் இறுகிய மரம். அதோடு பழைய கட்டைக்குள் உடைந்த ஆணி புதைந்திருக்கும். வாள் அதில் பட்டால் வாளும் போகும், சில சமயம் கண்ணும் போகும்.

ஆணி என்றதும் நினைவுக்கு வருகிறது. ரயில் கட்டையில் தண்டவாளத்தைப் பிடித்திருந்த ஆணிகளின் துளைகள் இருக்கும். நம் நாட்டுத் தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் ஒரு மீட்டர். ஆகவே கட்டையின் இரு தலைப்புக்கும் சற்று உள்ளே, ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான இடைவெளியில் அந்தத் துளைகளைப் பார்க்கலாம். துளை போடும் மெஷினைத் தேடி அலையாதீர்கள். அந்தத் துளைகள் அடிவரை போகின்றனவா என்று கம்பி விட்டுப் பாருங்கள். போகாவிட்டால் மிச்சத்தை மட்டும் துளைத்துக்கொள்ளுங்கள். கட்டையை இடத்தில் படுக்கவைத்து, மட்டம் பார்த்து, துளைக்குள் இறுக்கமாகப் போகும் கனத்தில் இரும்புக் கம்பியை விட்டுப் பெரிய சுத்தியலால் அடித்து இறக்குங்கள். கட்டைக்குக் கீழே மண்ணுக்குள் 2 அடியாவது போகவேண்டும். ஒரு கட்டைக்கு இரண்டு கம்பி. தலை மேலே துருத்திக்கொண்டிருந்தால் குழந்தையின் முழங்கால் அதைத்தான் முதலில் கண்டுபிடிக்கும். கட்டையின் மட்டத்துக்குக் கீழே இறக்கிவிடுங்கள்.

கம்பி போகாத மற்றத் துளைகளை மறக்காதீர்கள். மழை பெய்ததும் ஒவ்வொரு துளையும் ஒரு சிறு கிண்ணம். ஏடிஸ் கொசுவுக்கு அவ்வளவு தண்ணீர் தாராளம். டிங்கிக் காய்ச்சல் நம் தாமான்களை என்ன பாடு படுத்துகிறது என்பதை நான் சொல்ல வேண்டுமா? மணலும் சிமெண்டும் குழைத்து எல்லாத் துளைகளையும் அடைத்துவிடுங்கள். அரைமணி நேர வேலை.

இரண்டு கட்டைகள் சேரும் இடத்தில் கால் அங்குலம் இடைவெளி விடுங்கள். அழகுக்காக நெருக்கிச் சேர்க்க வேண்டாம். பாத்திக்குள் இறங்கும் தண்ணீர் எங்காவது வெளியேறத்தானே வேண்டும்? வழி இல்லாவிட்டால் மண் ஊறிப் பெருத்து, கட்டையை வெளியே தள்ளும். உள்பக்கம் கட்டையை ஒட்டி நாலு அங்குல அகலத்துக்கு உடைகல் போட்டுவிட்டால் மண் தங்கும், தண்ணீர் மட்டும் வடியும். பாத்தியின் இரு தலைப்பிலும், நிலம் மேடேறும் வரை, சிமெண்டுக் கல் இரண்டிரண்டு போதும். செம்பூரான் கல் கிடைத்தால் இன்னும் நல்லது. மலாக்காக் கோட்டையைப் போர்த்துக்கீசியர் அந்தக் கல்லால்தான் கட்டினார்கள். இப்போது மிஞ்சியிருக்கும் வாசலைப் பள்ளிச் சுற்றுலாவில் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. கட்டையின் மேல் கட்டை என்று இரண்டு வரிசை வரை நீங்களே போடலாம். மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் கம்பி ஒன்றாகப் பிணைக்கவேண்டும். அதற்கு மேல் உயரம் என்றால் அது பாத்திக் கரை அல்ல, மண் தாங்கும் சுவர். சரிந்தால் ஆளை அமுக்கும். அதை விவரம் தெரிந்தவரிடம் விடுங்கள்.

செங்கால் கட்டையே ஆனாலும் அது ரயிலுக்கடியில் கிடந்தது. இன்ஜின் எண்ணெய் சொட்டியிருக்கும், புல் வளராமலிருக்க மருந்து அடித்திருப்பார்கள், இன்னும் என்னென்னவோ. ஆகவே இடத்தில் வைப்பதற்கு முன்னால் சவர்க்காரத் தண்ணீர் விட்டு, தென்னந்துடைப்பத்தாலோ கம்பி பிரஷ்ஷாலோ நன்றாகத் தேய்த்துக் கழுவி, சில வாரம் மழையில் கிடக்க விட்டோம். கழுவிய தண்ணீரைப் பாத்தி போடப்போகும் இடத்தில் விடவில்லை. கட்டையை ஒட்டிய அந்த உடைகல் பட்டையில் எதையும் நடவில்லை. இத்தனைக்கும் மனம் ஒப்பவில்லை என்றால், உணவுப் பாத்திக்குச் சிமெண்டுக் கல்லையே வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

"தோட்டத்துல சாய்ச்ச செம்பனை மரம் சும்மா கிடக்குதே, அதைப் போட்டா என்னங்க?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். வேண்டாம். ஓரிரண்டு வருஷத்தில் உளுத்துப்போகும். அது மட்டுமல்ல, உளுத்த செம்பனைத் தண்டில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். பெருகி எங்கே போகும்? உங்கள் தென்னங்குருத்துக்குத்தான். ரப்பர்க் கட்டையும் அப்படியே. மருந்தில்லாமல் மண்ணில் கிடந்தால் பூஞ்சணமும் வண்டும் தின்றுவிடும்.

பாத்தியை நிரப்புவது உங்களுக்குத் தெரிந்த கதை. வெட்டி ஒதுக்கிய மேல்மண் மூன்று பங்கு, நன்றாக மக்கிய மாட்டெரு ஒரு பங்கு, மண் களிப்பாக இருந்தால் கொஞ்சம் ஆற்று மணல். பச்சைச் சாணம் வேண்டாம், வேர் வெந்துபோகும். கட்டையின் மேல்மட்டத்துக்கு இரண்டு அங்குலம் கீழேயே மண் நிற்கட்டும். விதைத்ததும் மேலே வைக்கோலோ காய்ந்த புல்லோ மெல்லிசாகப் பரப்பினால் மழைத்துளி நேரே மண்ணில் அறையாது. லாலாங் புல்லைப் பரப்பினால் வேரையும் பூவையும் நீக்கிவிட்டுப் பரப்புங்கள். இல்லாவிட்டால் கீரைக்கு முன்னால் லாலாங் முளைத்து நிற்கும். முருங்கையும் கறிவேப்பிலையும் இந்தப் பாத்திக்கு ஆகா. அவற்றின் வேர் கட்டையையே தூக்கும். அவற்றை வேலியோரம் வையுங்கள்.

சுங்கை ஊடாங் வீட்டில் தண்டுக்கீரை, பொன்னாங்கண்ணி, ஓரத்தில் நாலு மிளகாய்ச் செடி, நிழல் விழும் கோடியில் கொஞ்சம் இஞ்சி. கட்டை பதித்த வேலை ஒரு சனிக்கிழமையில் முடிந்தது. மகன் கம்பி அடித்தார், மருமகள் சல்லி சுமந்தார், அந்த அண்ணன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் அதட்டினார். பாட்டி அன்று முழுவதும் வீட்டுக்குள்ளேயே இருந்தார்.

விதைத்த பத்தாம் நாள் ஒரு பேய்மழை. மறுநாள் காலையில் அந்த அம்மா எனக்குத் தொலைபேசியில் சொன்னார்: கான் தெளிவாக ஓடுகிறதாம், கீரை அப்படியே நிற்கிறதாம். கட்டைகள் சேரும் இடைவெளியில் மட்டும் கொஞ்சம் மண் கரைந்து வந்திருந்தது. அங்கே உடைகல் குறைவாகப் போட்டுவிட்டார்கள். இரண்டு வாளிக் கல்லைக் கொட்டி அடைக்கச் சொன்னேன். நீங்களும் முதல் பெருமழைக்குப் பிறகு குடையோடு போய் அந்த இடத்தைத்தான் முதலில் பாருங்கள்.

அடுத்த முறை நான் போனபோது பாட்டி கட்டையின் மேல் ஒரு கோணியை மடித்துப் போட்டு உட்கார்ந்து, இளங்கீரையைக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "தண்டு முத்தறதுக்குள்ள இன்னொரு தடவை கிள்ளலாம். நிழலா வந்து உக்காரு தம்பி" என்று பக்கத்தில் இடம் காட்டினார்.